ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்துகள்

கனகேஸ்வரியின் பஸ் முதலில் கனவில்தான் ஓடியது. வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளுக்குள் அது சத்தமில்லாமல் நுழையும். வாசலுக்கு வாசல் ஒரு பிள்ளை புத்தகப் பையோடு நிற்கும். பஸ் நின்றதும் தெரியாது, பிள்ளை ஏறியதும் தெரியாது. பிறகு ரயில் பாதையைத் தாண்டி, கடலோரமாகவே காலி முகத்திடல் வரைக்கும் போய், துறைமுகத்துக் கப்பல்களுக்குப் பின்னால் வளைந்து, கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கும். வழியில் ஒருத்தரும் கை காட்டி மறிக்க மாட்டார்கள். இந்தக் கனவு அவளுக்குப் படுக்கையில் வருவதில்லை. பட்டப்பகலில், கந்தோரில், கையில் நீலப் பென்சிலோடு இருக்கும்போதுதான் வரும்.

அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றும் சொல்லலாம். புறக்கோட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த போக்குவரத்துத் திட்டமிடல் கந்தோரில் அவள் படம் வரைபவள். யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் இருந்தவள், தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்தபோது மகளோடு நடந்து, அலைந்து, கடைசியில் மாற்றம் கேட்டு இங்கே வந்து சேர்ந்திருந்தாள். மேசைக்கு முன்னால் சுவர் நிறையக் கொழும்புப் படம். படத்தில் வெள்ளவத்தை இன்னும் மரமும் ஓட்டுவீடும் உள்ள அமைதியான இடம். நேரில் பார்த்தால் மாடிக்கு மேல் மாடி ஏறிக்கொண்டிருந்தது, ஒரு வீட்டில் மூன்று குடும்பம் உலை வைத்தது. நகரம் வளர்ந்துவிட்டது என்று பஸ்ஸுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அவளுடைய மகள் சிவமணிக்குப் பதினைந்து வயது. வந்த வருடம் வெள்ளவத்தைப் பள்ளிக்கூடங்களில் கால் வைக்க இடமில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடம்தான் இடம்பெயர்ந்த பிள்ளைகளைச் சேர்த்தது. காலி வீதியில் ஒரு பஸ், புறக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ். நடுவில் சோதனைச் சாவடிகள். "பஹின்ன, பஹின்ன" என்று எல்லாரையும் இறக்குவார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களை ஒரு பக்கமாக நிறுத்துவார்கள். விசாரித்து முடிவதற்குள் பஸ் போய்விடும். ஏழரைக்குப் பள்ளிக்கூட வாசல் பூட்டப்படும். பிந்தி வந்தவர்களின் பெயரை எழுதும் கொப்பியில் சிவமணியின் பெயர்தான் அதிகம் என்று அவளே பெருமையடித்துக்கொள்வாள்.

ஓகஸ்டில் ஒரு நாள் அந்தப் பெருமை நின்றது. எப்போதும் கையில் இருக்க வேண்டிய பொலிஸ் பதிவுப் பிரதியை வீட்டு மேசையில் மறந்துபோன பிள்ளையை ஒரு சாவடியில் இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்துவிட்டார்கள். அடி இல்லை, ஏச்சுக்கூட இல்லை. இருத்தி வைத்தார்கள், அவ்வளவுதான். செய்தி எப்படியோ டோஹா வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே வேலை செய்த பாலசுந்தரம், கனகேஸ்வரியின் கணவர், வழக்கமாக மாதத்துக்கு ஒருமுறை எடுப்பவர், அந்தக் கிழமையில் மூன்று முறை தொலைபேசி எடுத்தார்.

"மெட்ராஸிலை தங்கச்சி வீடு இருக்கு. ஜனவரியோடை பிள்ளையை அங்கை அனுப்பு" என்றார்.

"நான் இங்கை தனிய இருந்து என்ன செய்யிறது?"

"அதுக்கு நான் என்ன செய்ய, கனகேஸ்? பிள்ளை ஒவ்வொரு நாளும் இறங்கி ஏறுறதை நினைச்சா எனக்கு இங்கை சாப்பாடு இறங்குதில்லை."

அவளுக்கு அப்போது, அந்தக் கனவு பஸ்ஸுக்காகக் கந்தோர்ப் படத்தில் தான் போட்டு வைத்திருந்த நீலக்கோடு நினைவுக்கு வந்தது. "நேர் பஸ் ஒண்டு போடப் பாக்கிறம். பள்ளிக்கூடப் பஸ் எண்டா அனுமதிக் கடிதம் இருக்கும், ஒரேயொரு இடத்திலை ஏறிப் பாத்திட்டு விட்டிடுவினம். ஒருத்தரும் இறங்கத் தேவையில்லை. அது ஜனவரிக்குள்ளை வந்தா?"

அந்தப் பக்கத்தில் பெருமூச்சுக் கேட்டது. "வந்தா இருக்கட்டும்" என்றார் பாலசுந்தரம்.

அன்றிலிருந்து அந்த பஸ் கனவாக இல்லை. மகளைத் தன்னோடு வைத்திருக்க அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

மேலதிகாரி றேமண்ட் கொட்டாஞ்சேனைக்காரர். கோயில் மணிச் சத்தத்துக்கு எழும்பி, நடந்தே வேலைக்கு வருகிற அதிர்ஷ்டசாலி. நீலக்கோட்டைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "கோடு அழகா இருக்கு. ஆனா காசு ஒதுக்குற குழுவுக்குக் கோடு காட்டிப் பிரயோசனம் இல்ல, தலை காட்டணும். ஒரு வழியில முந்நூறு மாணவர் இருந்தா திறைசேரி நாலு பஸ்ஸுக்கும் பாதி சீசன் டிக்கெட்டுக்கும் காசு தரும். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது இருந்தா ஒரு ரீ தருவாங்க, குடிச்சிட்டு வரலாம்."

கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடங்களுக்குப் படிவம் அனுப்பினார்கள். "நீர் எங்கிருந்து வருகிறீர்?" என்று ஒரேயொரு கேள்வி, ஒரேயொரு கோடு. மூன்று கிழமையில் படிவங்கள் கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தன. கனகேஸ்வரி ஆசையோடு அவிழ்த்துப் பிரித்தாள். வெள்ளவத்தை நாற்பத்தொன்று. கல்கிசை நூற்றுத் தொண்ணூறு. ஹெவ்லொக் டவுன் எழுபது. ஒரு பிள்ளை புறக்கோட்டை என்று எழுதியிருந்தது, மீன்சந்தைக்கு நடுவில் குடியிருக்கிறதாக்கும்.

"கல்கிசையில எப்போ இவ்வளவு பேர் குடியேறினாங்க?" என்று றேமண்ட் வியந்தார்.

கல்கிசைக் கட்டில் தெரிந்த கையெழுத்தொன்று கனகேஸ்வரியின் கையில் இருந்தது. வாலை நீட்டி எழுதும் அந்த 'சை'யை அரிச்சுவடியில் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

"கல்கிசையிலை ஆருடைய வீடு எங்களுக்கு இருக்கு?" என்று பின்னேரம் மகளைக் கேட்டாள்.

சிவமணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்தது. "நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள், ஆர் கேட்டாலும் வீடு எங்கை எண்டு சொல்லாதை எண்டு. எல்லார் வீட்டிலையும் அப்பிடித்தான். நாங்கள் வகுப்பிலை பேசித்தான் கல்கிசை எண்டு போட்டனாங்கள். கடற்கரை இருக்கிற இடம், வடிவாயும் இருக்கும்."

கனகேஸ்வரி சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தான் போட்ட பூட்டில் தானே தலையை முட்டிக்கொண்டு நின்றாள். தாய்மார் எல்லாரும் சேர்ந்து பிள்ளைகளை அவ்வளவு நன்றாக ஒளித்து வைத்திருந்ததில், பிள்ளைகளுக்கு பஸ் போட வந்தவளுக்கும் அவர்களைக் காணக் கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மழை விட்டு வெயில் எறித்தது. சிவமணி சப்பாத்துக்கு வெள்ளை பூசி, பல்கனிக் கைப்பிடிக் கட்டின் மேல் காய வைத்துவிட்டுப் படுத்திருந்தாள். வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. திங்கள் காலையில் அது வெள்ளையாக இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் அதற்கும் ஒரு கொப்பி உண்டு. கனகேஸ்வரி பல்கனியில் நின்று தலை துவட்டிக்கொண்டே எதிர்ப்பக்கம் பார்த்தாள். எதிர்ப் பல்கனியில் ஒரு சோடி. அதற்கு மேல்மாடியில் இரண்டு சோடி. பக்கத்து மதிலில் மூன்று சோடி, பெரிசிலிருந்து சின்னதாக. ஒழுங்கை முழுவதும், கடல் தெரியும் கடைசி வீடு வரைக்கும், சப்பாத்துகள் நாக்கை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு வெயில் குடித்துக்கொண்டிருந்தன. பெயர் சொல்லப் பயந்த வீடு, விலாசம் எழுதப் பயந்த வீடு எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சப்பாத்தை மட்டும் மறைக்கவில்லை.

அவள் குடையும் ஒரு நாற்பது பக்கக் கொப்பியும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். அந்தப் பின்னேரத்தை அவள் பிறகு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஒழுங்கைகளில் சனமே இல்லை. எங்கோ ஒரு வானொலி மெதுவாகப் பாடியது. கடற்காற்றில் வெள்ளைச் சட்டைகள் கொடியில் எழும்பி எழும்பி இறங்கின. அவள் நடந்தாள், அண்ணாந்து பார்த்தாள், எழுதினாள். சில மதில்களில் சப்பாத்துகள் தன்னைப் பார்த்து நிற்பதாக அவளுக்குப் பட்டது. ஒவ்வொரு சோடிக்குள்ளும் ஒரு பிள்ளை நிற்கிறது, தான் கடந்து போனதும் ஓசைப்படாமல் இறங்கித் தன் பின்னால் வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால் கலைந்துவிடும் என்ற பயத்தில் திரும்பாமலே நடந்தாள். அடுத்த ஞாயிறும் போனாள். ஒரே வீட்டை இரண்டு தரம் எண்ணிவிடக் கூடாதே என்று வீட்டு இலக்கத்தையும் மாடியையும் எழுதிக்கொண்டாள். பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு நடந்து போகிறவர்களென்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தும் முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது.

அந்தச் சந்தோசத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவாள் போலிருந்தது. எதிர்வீட்டுச் சிவக்கொழுந்து அக்காவிடம் போனாள். சிவக்கொழுந்து முப்பது வருடமாக வெள்ளவத்தையில் இருப்பவர். கணவர் இல்லை. ஒரேயொரு மகன், அவனைக் கனகேஸ்வரி கண்டதில்லை.

"உங்கடை வீட்டையும் எண்ணினனான் அக்கா. இஞ்சை பாருங்கோ. பதினாலாம் இலக்கம், முதல் மாடி, ஒரு சோடி."

சிவக்கொழுந்து கொப்பியை வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்த்தார், இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"எந்த வீட்டிலை எத்தினை பிள்ளையள் எண்டு எல்லாம் இருக்கு, என்ன?"

"ஓம் அக்கா."

"எல்லாம் எங்கடை ஆக்களின்ரை வீடு."

"ஓம்" என்ற கனகேஸ்வரியின் குரல் இறங்கிப் போயிற்று.

"எண்பத்திமூண்டிலை இந்த ஒழுங்கைக்குள்ளை வந்தவங்களின்ரை கையிலையும் கடதாசி இருந்தது, பிள்ளை. வீட்டு இலக்கம் பாத்துப் பாத்துத்தான் வந்தவங்கள். பக்கத்து வீட்டை விட்டிட்டு எங்கடை வீட்டுக்கு நெருப்பு வைச்சவங்கள்." கொப்பியை மூடி அவள் மடியில் வைத்தார். "நீ நல்லதுக்குத்தான் எழுதியிருக்கிறாய். அது எனக்குத் தெரியும். கடதாசிக்குத் தெரியாது."

கனகேஸ்வரிக்கு மடியில் இருந்த கொப்பி கனத்தது. பேச்சை மாற்ற, "தம்பி எங்கை அக்கா? ரியூசனோ?" என்று கேட்டாள்.

"அவன் சுவிஸுக்குப் போய் இரண்டு வருசம். பதினேழு வயசிலை அனுப்பினனான்." சிவக்கொழுந்து பல்கனியைப் பார்த்தார். கட்டின் மேல் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து நின்றது. "சுற்றிவளைப்புக்கு வாற பொலிஸ்காரன் அதைப் பாத்தா, படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு எண்டு கொஞ்சம் மரியாதையாய்க் கதைப்பான். அதுக்காகத்தான் முதலிலை வைச்சனான்."

"இப்ப?"

"இப்ப சும்மா" என்றார் சிவக்கொழுந்து.

கனகேஸ்வரி ஒரு சோடியைக் கழித்து முந்நூற்றுப் பதினொன்று என்று எழுதினாள். ஒழுங்கை ஒழுங்கையாக மொத்தத்தை மட்டும் அழகாகப் படத்தில் போட்டு றேமண்டிடம் கொடுத்தாள். எப்படி எண்ணினாள் என்று கேட்டதும் அவர் கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நவம்பரில் குழு கூடியது. றேமண்ட் திரும்பி வந்து அவளுடைய மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். "நல்ல செய்தி. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஆனா ஆதாரம் கேக்கிறாங்க. மொத்தம் போதாதாம், வீட்டு வீடா வேணுமாம். உங்ககிட்ட அந்தக் கொப்பி இருக்குதானே? அதை இணைச்சு விட்டா இந்த வெள்ளிக்கிழமையே காசு ஒதுக்குவாங்க. ஜனவரியில பஸ் ஓடும்."

"இணைக்காட்டி, சேர்?"

"அப்போ அடுத்த வருஷ மதிப்பீட்டுக்குள்ள போட்டு, எங்க ஆளுங்களை அனுப்பி பஸ் தரிப்பிடத்தில எண்ணி... மே மாசம் ஆகும்."

"கொப்பியை இணைச்சா, அந்தக் கோவை ஆர் ஆரின்ரை கைக்குப் போகும்?"

றேமண்ட் விரல் விட்டார். "குழு. திறைசேரி. நகரசபை. பாதுகாப்பு அமைச்சுக்கும் ஒரு பிரதி. இப்போ எல்லாத்துக்கும் அங்க ஒரு பிரதி போகுது. நாளைக்குப் பத்து மணிக்கு முன்னால தாங்க."

அன்று முழுவதும் அவள் ஒரு கோடும் போடவில்லை. கண்ணை மூடினால் நீல பஸ் வந்தது. ஆனால் இந்தத் தடவை பஸ்ஸுக்குப் பின்னால் யாரோ கையில் கடதாசியோடு இலக்கம் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார்கள். எட்டாம் இலக்கம், கீழ்வீடு, மூன்று. பதினொன்று, இரண்டாம் மாடி, ஒன்று. எழுத்து அவளுடைய எழுத்து. வீட்டுக்குப் போனதும் சிவமணி கணக்குச் செய்துகொண்டே காலை அவள் மடியில் போட்டாள். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு, கொடுத்துவிடுவோம் என்று கனகேஸ்வரி நினைத்தாள். ஒரு கொப்பிதானே. எத்தனையோ கொப்பிகள் எத்தனையோ அலுமாரிகளில் தூங்குகின்றன. இதுவும் தூங்கட்டும். என்னுடைய பிள்ளை என்னோடு இருக்கட்டும். விடியும்வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு றேமண்டின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"கொப்பி துலைஞ்சு போச்சு, சேர்."

றேமண்ட் நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய கைப்பையின் வாய் சரியாக மூடியிருக்கவில்லை. கொப்பியின் மூலை வெளியே தெரிந்தது. அவர் அந்த மூலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு யன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

"உங்க மகளுக்குத்தானே முதல்ல வேணும், இந்த பஸ்?"

"ஓம் சேர்."

"சரி. தொலைஞ்சதுன்னு எழுதுறேன்" என்றார். பிறகு, "பையை மூடிக்கிட்டுப் போங்க" என்றார்.

பின்னேரம் அவள் வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டிக் கற்களில் இறங்கி நின்றாள். சூரியன் இன்னும் போகவில்லை. ஒழுங்கை ஒழுங்கையாகக் கொப்பியைக் கிழித்தாள். பக்கங்களைச் சின்னச் சின்னதாகக் கிழித்து அலையில் விட்டாள். வெள்ளைத் துண்டுகள் கொஞ்ச நேரம் மிதந்தன, திரும்பி வந்தன, பிறகு போயின. தன் பிள்ளையைத் தானே வழியனுப்பிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துதான் கிழித்தாள். வாய்விட்டு அழுதாள். கொல்லுப்பிட்டிப் பக்கம் போன ரயில் அந்தச் சத்தத்தை எடுத்துக்கொண்டு போயிற்று.

டோஹாவிலிருந்து தொலைபேசி வந்தபோது உண்மையைச் சொன்னாள், மே மாதம் என்று. பாலசுந்தரம் டிக்கெட் போட்டார். ஜனவரி இரண்டாம் கிழமை சிவமணி தன் பெட்டியைத் தானே அடுக்கினாள். வெள்ளைச் சப்பாத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே வைத்தாள்.

"அங்கை கறுப்புச் சப்பாத்தாம் அம்மா. மாமி சொன்னவ."

"பஸ் மே மாசம் வந்திடும் பிள்ளை. கொஞ்சம் பிந்திப் போச்சு."

"பரவாயில்லை அம்மா" என்றாள் சிவமணி. "நானும் ஒவ்வொரு நாளும் பிந்தித்தானே போனனான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். விமான நிலையத்தில் பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போகும்வரை கனகேஸ்வரி அந்தச் சிரிப்பை முகத்தில் வைத்திருந்தாள். அதற்குமேல் வைத்திருக்க அவளால் முடியவில்லை.

இரண்டாம் தவணை தொடங்கிய மே மாதத் திங்கட்கிழமை, காலை ஆறு பத்துக்கு பஸ் வந்தது. பழைய பஸ்தான், முன்பக்கத்தில் புதுப்பலகை மாட்டியிருந்தார்கள். தரிப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நின்றார்கள். கனகேஸ்வரி அவர்களை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். பிறகு ஒழுங்கைகள் திறந்தன. மதிலுக்குப் பின்னாலிருந்து, கடைகளுக்கு மேலிருந்து, பல்கனியே இல்லாத பின்னறைகளிலிருந்து, அவள் ஒருநாளும் எண்ணியிராத வாசல்களிலிருந்து வெள்ளையும் வெள்ளையுமாகப் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். அடுத்த பஸ்ஸும் நிறைந்தது. "நகின்ன, நகின்ன, இஸ்ஸரஹட யன்ன" என்று ஏறச் சொல்லியும் முன்னுக்குப் போகச் சொல்லியும் கத்திக் கத்தி நடத்துனருக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. இவ்வளவு பேரும் இதுவரை எங்கே இருந்தார்கள் என்று அவர் சாரதியிடம் சிங்களத்தில் கேட்டார்.

கனகேஸ்வரியும் ஏறினாள். சாவடியில் ஒரு சிப்பாய் ஏறி, கடிதத்தைப் பார்த்து, கதவடியில் நின்று முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கினான். ஒருத்தரும் இறங்கவில்லை. காலி முகத்திடலில் கடல் யன்னலுக்குள் வந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளை, யாருடைய பிள்ளையோ, அவள் தோளில் தலை வைத்து நித்திரையாகிப் போயிற்று. துறைமுகத்துக் கப்பல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குப் பள்ளிக்கூட வாசல் அகலத் திறந்திருந்தது. எல்லாம் அவள் கண்ட கனவின்படியே நடந்தது. பிள்ளையை மட்டும் எழுப்பி, "இறங்கம்மா, இடம் வந்திட்டுது" என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு நல்ல வெயில். கனகேஸ்வரி அலுமாரியின் அடியிலிருந்து சிவமணியின் சப்பாத்தை எடுத்தாள். நாடாவைக் கழற்றித் தோய்த்தாள். வெள்ளையைக் கரைத்து, பழைய பல்துலக்கும் தூரிகையால் மூலை முடுக்கெல்லாம் பூசினாள். பல்கனிக் கட்டின் மேல் கொண்டுபோய் வைத்து, நாக்கை வெளியே இழுத்துவிட்டாள்.

எதிர்ப் பல்கனியில் சிவக்கொழுந்து நின்றார். சப்பாத்தையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த மூலையிலை இரண்டு மணிக்கு நிழல் விழும், பிள்ளை" என்றார் பிறகு. "இஞ்சாலை தள்ளி வை."

கனகேஸ்வரி தள்ளி வைத்தாள்.